ஸ்குவாட்: எஸ்எல் எடுத்தா ஹாப் அஞ்சு நிமிஷம்கூடத் தாங்கலை, எங்கே தப்பு?

முட்டுச்சந்து கேட்டது:

ஸ்குவாட்ங்கிற ஆன்லைன் போர் கேம்ல ரைஃபிள்மேன், மெடிக், எல்ஏடி (லேசான டாங்கி எதிர்ப்பு ராக்கெட்காரன்) வரைக்கும் ஓரளவு கைக்கு வந்துடுச்சு. எஸ்எல் (ஸ்குவாட் லீடர், ஒன்பது பேர் குழுவோட தலைவர்) கிட் எடுத்தாத்தான் கப்பல் கவிழுது. ஒவ்வொரு மேட்ச்லயும் ஒரே மாதிரி நடக்குறதால தப்பு என் பக்கம்தான், ஆனா எந்த இடத்துலன்னு பிடிபடலை.

மோடு ஆர்ஏஏஎஸ், ஃப்ளாக்னு குறிச்ச இடங்களை ரெண்டு டீமும் வரிசையாப் பிடிக்கிற ஆட்டம். ஒரு லாஜி (சரக்கு லாரி), உள்ளே நாலஞ்சு பேர். நேரா நடு ஃப்ளாக். ஃப்ளாக் வட்டத்துக்குள்ளேயே ஒரு வீட்டுச் சுவரோரமா ரேடியோ (அதைச் சுத்தித்தான் எதையும் கட்ட முடியும்), அதை ஒட்டினாப்புல ஹாப் (டீம் ஆளுங்க ஸ்பான் ஆகிற, அதாவது திரும்ப உயிரோட வர்ற, கட்டடம்). கட்டினதும் டீம்ல பாதிப் பேர் வந்து இறங்குறாங்க. ரெண்டு மூணு நிமிஷத்துல ஹாப்ல ஸ்பான் அடைபடுது. அப்புறம் ரேடியோவும் போகுது. அந்த நேரத்துல ராலி (என் ஸ்குவாடுக்கு மட்டுமான ஸ்பான் இடம்) போடப் பார்த்தா, எதிரி பக்கத்துல இருக்கான்னு விடமாட்டேங்குது. ஸ்குவாட் மொத்தமும் திரும்ப மெயின்ல (டீமோட தலைமைத் தளம்).

தெரிய வேண்டியது: ரேடியோ, ஹாப், ஃப்ளாக் மூணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம் விடணும்? லாஜியில எதை எவ்வளவு ஏத்தணும்? ராலி எப்பப் போடணும்? மேப் யெஹோரிவ்கான்னு வெச்சுக்கிட்டே சொல்லுங்க, அங்கதான் அதிகமா அடி.

மண்வெட்டி மாயாண்டி:

தப்பை நீங்களே எழுதிட்டீங்க ப்ரோ: "ஃப்ளாக் வட்டத்துக்குள்ளேயே".

ஹாப் அடைபட அதை யாரும் உடைக்க வேண்டாம். எதிரி பக்கத்துல வந்து நின்னாலே போதும், ஸ்பான் நின்னுடும். இதைத்தான் ப்ராக்ஸின்னு சொல்றாங்க. ஒருத்தன் மட்டும்னா ரொம்பக் கிட்ட வரணும். ஆள் எண்ணிக்கை கூடக் கூட அந்தத் தூரமும் கூடும், ஒரு முழு ஸ்குவாட் வந்தா தள்ளி நின்னே அடைச்சுடும். இப்ப யோசிங்க. ஃப்ளாக்கைப் பிடிக்க எதிரி வட்டத்துக்குள்ள வந்தே ஆகணும். வந்த உடனே உங்க ஹாப் செத்துடுது. உங்க ஹாப் எங்கேன்னு அவன் தேடக்கூட இல்லை, அவன் பாட்டுக்கு ஃப்ளாக்குக்கு வந்தான், அவ்வளவுதான். ஆள் வரத்து மிக அவசியமா இருக்குற அதே நிமிஷத்துல குழாய் அடைபடுது.

அதனால தாக்குற ஹாப்பை ஃப்ளாக் ஓரத்துல இருந்து 150 முதல் 250 மீட்டர் தள்ளிப் போடுங்க. அதுக்கு மேல போனா ஓடி வர்றதுக்குள்ள ஸ்டாமினா காலியாகி, ஃப்ளாக்ல நுழையும்போது துப்பாக்கி ஆடும். 2023 செப்டம்பர்ல வந்த 6.0 அப்டேட்டுக்கு அப்புறம் இது சின்ன விஷயமே இல்லை. மூச்சு வாங்கிக்கிட்டே சுட்டா 50 மீட்டர்ல நிக்கிறவனும் தப்பிச்சுடுவான். தூரத்தைவிட முக்கியம், ஹாப்புக்கும் ஃப்ளாக்குக்கும் நடுவுல நேர்ப்பார்வை இருக்கக் கூடாது. மேடு, மதில், மரவரிசை, ஏதாவது ஒண்ணு மறைக்கணும். ஃப்ளாக் கூரையில ஒரு மெஷின் கன் நின்னு ஹாப் வாசலைப் பார்க்க முடிஞ்சா, அந்த ஹாப் உங்க டிக்கெட்டை (டீமோட உயிர் இருப்பு, தீர்ந்தா தோல்வி) தின்னும். வைக்கும்போது சுத்தி வைக்கலாம், வாசல் எதிரிக்கு முதுகு காட்டுற மாதிரி திருப்புங்க.

அடுத்தது ரேடியோ. ஹாப்பையும் ரேடியோவையும் ஒட்டி வைக்கிறது ரெண்டாவது தப்பு. ரேடியோவைச் சுத்தி 150 மீட்டருக்குள்ள எங்க வேணும்னாலும் கட்டலாம், அந்த அளவை முழுசாப் பயன்படுத்துங்க. ரேடியோவுல இருந்து 80, 100 மீட்டர் தள்ளி ஹாப். ஹாப்பை எதிரி கண்டுபிடிக்கத்தான் செய்வான், ஆளுங்க வரிசையா ஓடி வர்ற பாதையே காட்டிக் குடுத்துடும். ஆனா ஹாப்பைக் கண்டுபிடிச்சவன் ரேடியோவைத் தனியாத் தேடணும். அந்த நேரத்துல நீங்க திரும்பி வந்து அவனை அடிக்கலாம். ஒட்டி வெச்சிருந்தா அந்த நேரமே கிடையாது.

ரேடியோ போனா 20 டிக்கெட், ஹாப்பும் கூடவே. அதனால ரேடியோவை ஃப்ளாக்குக்கு எதிர்ப்பக்கமா, அதாவது உங்க மெயின் இருக்குற பக்கம், புதருக்குள்ளேயோ சரிவுக்குக் கீழேயோ போடுங்க. வீட்டுக்குள்ள போடுறது பார்க்க பத்திரம் மாதிரி இருக்கும், ஆனா எதிரி முதல்ல நுழைஞ்சு பார்க்கிறதே வீட்டுக்குள்ளதான். கிட்ட வந்தா ரேடியோ இரைச்சல் காதுல விழும், அதையும் கணக்குல வெச்சுக்குங்க.

எதிரி ஒருத்தன் ரேடியோவை மண்வெட்டியால தோண்டிப் பிரிக்க ஆரம்பிச்சுட்டா அவனைச் சுட்டுட்டோம், முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. ஒரு அளவுக்குக் கீழ இறங்கிட்டா ரேடியோ தானாவே ப்ளீட் ஆகிக்கிட்டிருக்கும், அதாவது அதோட உயிர் குறைஞ்சுக்கிட்டே போகும். உங்க ஆள் ஒருத்தன் மண்வெட்டியோட நின்னு திரும்ப ஏத்தணும். "ரேடியோ சேஃப்"னு சொல்லிட்டு எல்லாரும் ஃப்ளாக்குக்கு ஓடிப் போய், ஒரு நிமிஷம் கழிச்சு அது தானா வெடிக்கிறதை நிறையப் பார்க்கலாம்.

கிழக்கு மதில்:

மாயாண்டி சொன்னது தாக்குறதுக்குச் சரி. காக்குறதுக்கு அதே கணக்கைப் போடாதீங்க.

ஃப்ளாக் நம்ம கையில இருக்கும்போது 250 மீட்டர் தள்ளி ஹாப் வெச்சா, எதிரி ஒரு ஸ்குவாட் வட்டத்துல நுழைஞ்சா போதும், நம்ம ஆளுங்க நாலு பேர் நாலு பேரா ஓடி வந்து சாவாங்க. காக்குற ஹாப் ஃப்ளாக் விளிம்புல இருந்து 50 முதல் 100 மீட்டர், நம்ம மெயின் பக்கமா. ஆளுங்க ஸ்பான் ஆன உடனே சுடுற இடத்துக்கு வந்துடணும். அடைபடும் அபாயம் இருக்கு, ஒத்துக்கறேன். அதுக்கு மருந்து தூரம் இல்லை, முன்னாடி ஆள் நிறுத்துறது. எதிரி வர்ற திசையில ஃப்ளாக்குக்கு 100 மீட்டர் வெளியில ரெண்டு பேர் படுத்திருந்தாலே அவன் ப்ராக்ஸி தூரத்துக்கு வர லேட்டாகும்.

ஆர்ஏஏஎஸ்ல இன்னொரு விஷயம். அடுத்த ஃப்ளாக் எதுன்னு முன்கூட்டித் தெரியாது, ஒண்ணைப் பிடிச்சாத்தான் அடுத்தது தெரியும். அதனால முதல் லாஜியையே எங்கேயோ ஊகத்துல ஆழமாப் போட்டா, ஃப்ளாக் வேற பக்கம் விழுந்துடும். ஒரு ரேடியோ இருக்குற இடத்துல இருந்து 400 மீட்டருக்குள்ள உங்க டீம் இன்னொரு ரேடியோ போட முடியாதுன்னு ஞாபகம் இருக்கட்டும். உங்க தப்பான ரேடியோ உங்க ஸ்குவாடை மட்டும் கெடுக்காது, சரியான இடத்துல போட வர்ற மத்த எஸ்எல்லையும் தடுக்கும். கமாண்ட் சானல்ல (எஸ்எல்கள் தங்களுக்குள்ள பேசுற சானல்) ஒருத்தர் வாயைத் திறந்து திட்டுறாருன்னா பெரும்பாலும் காரணம் இதுதான்.

லோடுமேன்:

லாஜி கேள்விக்கு யாரும் வரலை, நான் சொல்றேன்.

பெரிய லாஜி லாரி 3000 பாயிண்ட் தூக்கும். கட்டுமானம், அம்மோ (வெடிமருந்து) ரெண்டும் சேர்த்துத்தான் 3000. ஹாப்புக்கு 500 கட்டுமானம். தாக்குற ஃபாப்னா (ரேடியோவைச் சுத்திக் கட்டுற தளம்) 1000 கட்டுமானம், 2000 அம்மோ. ஹாப், அம்மோ பெட்டி, ஒண்ணு ரெண்டு மண் அரண், போதும். மிச்சம் எல்லாம் அம்மோவா இருக்கணும், ஏன்னா எல்ஏடி, ஹெச்ஏடி (கனமான டாங்கி எதிர்ப்பு) ராக்கெட் நிரப்புறதுதான் அம்மோவை உறிஞ்சும். அம்மோ பூஜ்யமான ஃபாப்ல ஸ்பான் ஆன எல்ஏடிக்காரன் கையில இருக்குற ராக்கெட்டைச் சுட்டதுக்கு அப்புறம் சாதா ரைஃபிள்மேன்தான்.

காக்குற ஃபாப்னா கட்டுமானத்தைப் பாதி வரைக்கும் ஏத்தலாம். அதுக்கு மேல வேண்டாம். மணல் மூட்டையும் கம்பி வேலியுமா அடுக்கி அரண்மனை கட்டுறவங்க எல்லா சர்வர்லயும் இருக்காங்க. எட்டு பேர் 10 நிமிஷம் தோண்டுறாங்கன்னா அந்த 10 நிமிஷமும் ஃப்ளாக்ல எட்டு துப்பாக்கி குறைவு.

வண்டி ஓட்டுறதுல மூணு இடத்துலதான் சறுக்குது.

மெயின் ரோடு. நடு ஃப்ளாக்குக்குப் போற நேர்ரோட்டுல எதிரி காம்பாட் இன்ஜினியர் மைன் வெச்சிருப்பான், குறிப்பா மேட்ச் ஆரம்பிச்சு 10 நிமிஷத்துக்கு அப்புறம். ரெண்டாவது டிரிப்புல பாலம், நாற்சந்தி ரெண்டையும் தவிர்த்து வயல்ல இறங்கிப் போங்க.

இன்ஜின். இறக்கி முடிக்கிற வரைக்கும் ஓட விட்டுட்டு நிக்காதீங்க, அணைங்க. டீசல் சத்தம் எதிரிக்கு நல்லாக் கேட்கும்.

நிறுத்துற இடம். சரக்கு இறக்க வண்டி ரேடியோவோட கட்டுமான வட்டத்துக்குள்ள இருந்தாப் போதும், ரேடியோ பக்கத்துலயே நிறுத்தணும்னு கட்டாயம் இல்லை. ஹாப் வாசல்ல அனாதையா நிக்கிற லாரி எதிரிக்கு வழிகாட்டிப் பலகை. இறக்கின உடனே ஒருத்தன் வண்டியைத் திருப்பிக்கிட்டு மெயின் போய் அடுத்த லோடு கொண்டு வரணும். ஒன்பது பேர் ஸ்குவாட்ல ஒருத்தனை ஓட்டுநரா விட மனசு வராது, புரியுது. விட்டுத்தான் ஆகணும்.

பச்சைப் புகை:

ராலி. உங்க வரிசையே தலைகீழா இருக்கு முட்டுச்சந்து. ஹாப் செத்ததுக்கு அப்புறம் ராலி போடப் பார்க்கிறீங்க. ஹாப்புக்கு முன்னாடி போடணும்.

எதிரி 50 மீட்டருக்குள்ள இருந்தா ராலி விழாது. ஸ்குவாட் ஆள் பக்கத்துல இல்லாட்டியும் விழாது. எஸ்எல் கிட் கையில இல்லாட்டி சுத்தமா விழாது. (செத்து ஸ்பான் ஆகும்போது அவசரத்துல வேற கிட் எடுத்துட்டு "ராலி பட்டன் எங்கே"ன்னு கேட்கிறவங்களுக்காக இந்தக் கடைசி வரி.) இந்த மூணும் ஒண்ணா அமையுற ஒரே நேரம், லாரியை விட்டு இறங்கின முதல் 10 விநாடி. எல்லாரும் ஒரே இடத்துல, எதிரி இன்னும் வரலை. அப்பவே போட்டுடுங்க. அதுக்கு அப்புறம் ரேடியோ, அதுக்கு அப்புறம் ஹாப். ஹாப் தோண்டும்போது யாராவது வந்து மொத்தப் பேரையும் சாய்ச்சாலும் ஸ்குவாட் மெயினுக்குப் போகாது.

ராலி 60 விநாடிக்கு ஒரு அலையா ஆள் விடும். ஹாப் எல்லா டீமுக்கும், ராலி உங்க ஸ்குவாடுக்கு மட்டும். ஹாப்பையும் ராலியையும் ஒரே பக்கம் வைக்காதீங்க. ஹாப் ஃப்ளாக்குக்குத் தெற்கேன்னா ராலி மேற்கே. எதிரி எல்லாரும் ஹாப் பக்கம் துப்பாக்கியைத் திருப்பி வெச்சிருக்கும்போது ஒன்பது பேர் விலாவுல இருந்து நுழைஞ்சா அந்த ஒரு அலையிலேயே ஃப்ளாக் திரும்பிடும். எதிரி கிட்ட வந்தாலே ராலி அணைஞ்சுடும், அது போறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, திரும்பப் போடுங்க. இடம் மாறினா ராலியும் மாறணும். 300 மீட்டர் பின்னாடி கிடக்குற பழைய ராலியில ஸ்பான் ஆகி ஓடி வர்றது வீண்.

முட்டுச்சந்து:

நிறைய விஷயம் தெளிவாச்சு, நன்றி எல்லாருக்கும். ரெண்டு சந்தேகம்.

யெஹோரிவ்கால ஃப்ளாக்கைச் சுத்தி வெறும் வயல். மறைவே இல்லாத இடத்துல 200 மீட்டர்னா எங்கே வைக்கிறது?

ஆள் விழுந்துட்டா காத்திருக்கச் சொல்லணுமா, கிவ் அப் பட்டனை அமுக்கி (செத்து) திரும்ப ஸ்பான் ஆகச் சொல்லணுமா? மெடிக் தூரத்துல இருந்தா எல்லாரும் உடனே அமுக்கிடுறாங்க.

மண்வெட்டி மாயாண்டி:

யெஹோரிவ்கா வயல் வெறும் வயல் இல்லை, ஒவ்வொரு வயலுக்கும் ஓரத்துல மரவரிசை ஓடுது. அதுதான் உங்க ரோடு. ஃப்ளாக்குக்கு நேர் எதிர்ல இருக்குற வரிசையில வைக்காதீங்க, எல்லாரும் அங்கதான் குண்டு போடுவாங்க. அதுக்கு அடுத்த வரிசை. 200 மீட்டர் 280 ஆனாலும் பரவாயில்லை. ஃப்ளாக்குக்குப் போய்ச் சேர்ற இன்னொரு மரவரிசையோட அது முட்டுற மூலையாப் பாருங்க. ஹாப்ல இருந்து வெளிய வந்தவன் மரத்தோரமாவே ஃப்ளாக் விளிம்பு வரைக்கும் போகணும், வயலைக் குறுக்கே கடக்கவே கூடாது. அப்படி மூலை எதுவும் இல்லைன்னா அந்தத் திசையை விட்டுடுங்க. 400 மீட்டர் சுத்தி வேற பக்கம் போறது, வயல்ல 9 பேர் சாகுறதைவிட வேகம்.

தூரத்தை மீட்டர்ல மட்டும் அளக்காதீங்கன்னு சொல்றதுக்குக் காரணம் இதுதான். நார்வா மேப்ல ஊருக்குள்ள 120 மீட்டர்லயே நாலு மதில் குறுக்க இருக்கும், அங்கே கிட்ட வைக்கலாம்.

பச்சைப் புகை:

கிவ் அப் கேள்விக்கு: அமுக்கினா 1 டிக்கெட். தூக்கி விட்டா 0. எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. தெரியாதது என்னன்னா தூக்கி விட மெடிக்தான் வேணும்னு இல்லை. யார்கிட்ட பேண்டேஜ் இருந்தாலும் விழுந்தவனை எழுப்பலாம். எழுந்தவன் உயிர் ரொம்பக் குறைவா இருப்பான், ஒரு தோட்டா பட்டாப் போதும். அவனை மெடிக் வந்து ஏத்தணும். அதனால மெடிக்கை எழுப்புற வேலையில மட்டும் ஓட விடாம, எழுந்தவங்களை ஏத்துற வேலையில வைங்க.

முடிவு எடுக்குறது இப்படி. விழுந்த இடத்துக்கும் உங்களுக்கும் நடுவுல புகை போட முடியுமா? முடியும்னா காத்திருக்கச் சொல்லுங்க. புகையை விழுந்தவன் மேல போடாதீங்க. எதிரி புகையோட நடுவைப் பார்த்துத்தான் சுடுவான். எதிரிக்கும் விழுந்தவனுக்கும் நடுவுல, எதிரி பக்கமா 10, 15 மீட்டர் தள்ளி விழணும். போட்ட உடனே ஓடாதீங்க, புகை விரிய சில விநாடி ஆகும். 

திறந்த வயல்ல மூணு பேர் வரிசையா விழுந்து கிடந்தா நாலாவது ஆளை அனுப்பாதீங்க. அப்ப அமுக்கச் சொல்லுங்க, ஆனா ராலி அலைக்கு 10 விநாடி இருக்கும்போது. எல்லாரும் ஒரே அலையில வரணும். ஆளுக்கொரு நேரத்துல அமுக்கினா ஆளுக்கொரு அலையில ஒத்தை ஒத்தையா வந்து சாவாங்க.

கிழக்கு மதில்:

குரல் பத்தி யாரும் சொல்லலை. புது எஸ்எல்கள் பாதிப் பேர் விழுறது இங்கதான்.

மாத்தாம விட்டிருந்தா வி கீ பக்கத்துல நிக்கிறவங்களுக்கு, பி கீ ஸ்குவாடுக்கு, ஜி கீ கமாண்டுக்கு. மூணும் ஒரே நேரத்துல காதுல விழும். ஆடியோ அமைப்புல கமாண்ட் ஒலியளவை ஸ்குவாட் ஒலியளவைவிடக் கொஞ்சம் குறைச்சு வைங்க, முழுசா அணைக்காதீங்க. குறிப்பிட்ட ஒரு எஸ்எல்கிட்ட மட்டும் பேச நம்பேட்ல அந்த ஸ்குவாட் எண்ணை அழுத்திப் பேசலாம். "ஸ்குவாட் 3, உன் லாஜி ரோட்டுல நிக்குது"ங்கிறதை எல்லா எஸ்எல்லும் கேட்க வேண்டியதில்லை.

எதிரியைச் சொல்லும்போது "அங்க, அந்த மரத்துக்கிட்ட" வேண்டாம். திசைகாட்டி எண், தூரம், என்ன, எத்தனை. "045, 200 மீட்டர், மதில் பின்னாடி ரெண்டு பேர்." அவ்வளவுதான். எண்ணை முதல்ல சொல்லுங்க, கேட்கிறவன் திரும்பிக்கிட்டே மீதியைக் கேட்பான்.

ஒன்பது பேரையும் நீங்களே மேய்க்காதீங்க. ப்ராவோ ஃபயர்டீமுக்கு (ஸ்குவாடுக்குள்ள ஒரு உட்குழு) நாலு பேர், அதுக்கு ஒரு லீடர். அவராலயும் மேப்ல குறி போட முடியும். ஃப்ளாக் உள்ள என்ன நடக்குதுன்னு அவர் பார்க்கட்டும், நீங்க மேப் திறந்து அடுத்த ஹாப் எங்கேன்னு பாருங்க. ஒரு மேட்ச்ல எஸ்எல் சுட்டது பத்து தோட்டான்னாலும் குறை ஒண்ணும் இல்லை.

தமிழ்லயே பேசணும்னா ஸ்குவாட் பேர்லயே "தமிழ்"னு போட்டுடுங்க, தெரியாம வந்து சேர்றவங்க முழிக்க மாட்டாங்க. கமாண்ட் சானல்ல மட்டும் சர்வர் விதி என்ன மொழின்னு பார்த்துக்குங்க, பெரும்பாலும் இங்கிலீஷ்தான்.

எண்பத்திரெண்டு:

ஃபாப் ஒழுங்கா நின்னா அடுத்தது மார்ட்டர். வயல் மேப்ல எதிரி மரவரிசையில ஒளிஞ்சிருக்கும்போது இதைவிட நல்ல பதில் கிடையாது. கால்குலேட்டர் ஆப் இல்லாமலே போடலாம்.

மேப் கட்டம் ஒண்ணு 300 மீட்டர். அதுக்குள்ள கீபேடுங்கிற சின்னக் கட்டம் ஒன்பது, ஒவ்வொண்ணும் 100 மீட்டர். எழுத்து இடமிருந்து வலம், எண் மேலிருந்து கீழ்.

மார்ட்டர் ஈ7 கீபேட் 5ல இருக்கு, எதிரி எஃப்6 கீபேட் 8ல. கிழக்கே ஒரு முழுக் கட்டம், 300 மீட்டர். வடக்கே ஒரு முழுக் கட்டமும் ஒரு கீபேடும், 400 மீட்டர். பள்ளிக்கூடத்து 3, 4, 5 முக்கோணம், தூரம் 500. திசை 37 டிகிரி. 500 மீட்டருக்கு ஏற்றம் (குழாயைத் தூக்குற கோணம்) 1387 மில், மில்ங்கிறது கோண அளவு.

கையோட வெச்சுக்க வேண்டிய எண்கள்: 300க்கு 1475, 400க்கு 1431, 500க்கு 1387, 600க்கு 1341, 700க்கு 1292, 800க்கு 1240, 900க்கு 1183, 1000க்கு 1118, 1100க்கு 1039, 1200க்கு 918. நடுவுல வர்றதைப் பங்கு போட்டுக்கலாம். 640ன்னா 600க்கும் 700க்கும் நடுவுல, 10 மீட்டருக்கு 5 மில்னு குறைச்சு 1321. ஆனா 1100க்கு மேல பங்கு போடாதீங்க, அங்கே எண் சரசரன்னு விழும். 1000ல இருந்து 1100க்கு 79 மில், 1100ல இருந்து 1200க்கு 121. 50 மீட்டருக்குக் கிட்ட சுட முடியாது.

குண்டு காத்துல சுமார் 20 விநாடி பறக்கும். முதல் குண்டு ஒண்ணு மட்டும் போட்டு, பார்க்கிறவன் "30 மீட்டர் வடக்கே" மாதிரி சொல்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. அவசரத்துல மூணு நாலு அமுக்கினா எது எங்கே விழுந்துச்சுன்னு அவனுக்கே தெரியாது, ஃபாப் அம்மோவும் போகும். திருத்தம் சரியானதும் ரெண்டு குழாயும் சேர்ந்து போடலாம். இலக்கு உங்களைவிட மேட்டுல இருந்தா குண்டு இந்த அட்டவணையைவிடக் கொஞ்சம் தூரமாப் போக வேண்டியிருக்கும், மில்லைக் குறைங்க.

ராலி, ரேடியோ தூரம் மாதிரி எண்கள் அப்டேட்டுல அவ்வப்போது மாறும். வைக்கும்போது தெரியுற வட்டத்தை நம்புங்க, பழைய வீடியோவை நம்பாதீங்க.

முட்டுச்சந்து:

ட்ரெயினிங் ரேஞ்ச் மாதிரி காலி சர்வர்ல இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஈ7 கீபேட் 5ல இருந்து எஃப்6 கீபேட் 8க்கு எனக்கு 360 மீட்டர், 56 டிகிரி, 1449 மில் வருது. உங்க 500, 37க்கும் எனக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? என் கணக்குல குண்டு குறிச்ச இடத்துக்கு 200 மீட்டர் தெற்கே விழுது.

எண்பத்திரெண்டு:

200 மீட்டர் சுத்தமாத் தெற்கேன்னு சொன்னதுலயே தெரிஞ்சுடுச்சு. நீங்க ஃபோன்ல டயல் பண்ற வரிசையில எண்ணியிருக்கீங்க, அதுல 1 2 3 மேல, 7 8 9 கீழ. இங்கே கணினி நம்பேட் வரிசை: 7 8 9 மேல் வரிசை, 4 5 6 நடு, 1 2 3 கீழ். நீங்க 8ன்னு நினைச்சு அளந்தது 2. நடு வரிசை 4 5 6 ரெண்டுலயும் ஒண்ணுதான், அதனால ஈ7 கீபேட் 5 சரியா வந்து தப்பை மறைச்சுடுச்சு.